காட்டுச் சட்டம் பலித்ததா? குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தை எதுவரை நம்பலாம்

ஒரு காட்டுக்குப் புதிய சட்டம் வருகிறது, நிதியும் ஒதுக்குகிறார்கள். அதனால் மரம் வெட்டுவது குறைந்ததா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முதலில் திறப்பது, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகின் மர இழப்பை வரைபடத்தில் காட்டும் குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளத்தைத்தான். வேர்ல்ட் ரிசோர்சஸ் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் இதை இன்றைய வடிவில் 2014-ல் கொண்டுவந்தது. கட்டணம் இல்லை, வரைபடத்தைப் பார்க்கப் பதிவுகூடச் செய்ய வேண்டாம். தமிழ் இடைமுகம் கிடையாது. எங்கே, எந்த ஆண்டில் மரம் போனது என்று காட்டுவதில் ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். ஒரு கொள்கை பலித்ததா என்று தீர்ப்புச் சொல்வதற்கு மூன்றுக்கு மேல் கொடுக்க முடியாது. அந்த இரண்டு மதிப்பெண் எங்கே போகிறது என்பதுதான் இந்த விமர்சனம்.

தளத்தின் முதுகெலும்பு மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் தரவு. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள், 30 மீட்டர் பிக்சல் (படத்தின் மிகச்சிறு சதுரம்), 2001 முதல் ஆண்டுவாரியாக இழப்பு. இங்கே மரம் என்றால் 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த எந்தத் தாவரமும். யூகலிப்டஸ் தோப்பை அறுவடை செய்தாலும், முதிர்ந்த ரப்பரை வெட்டி மறுநடவு செய்தாலும், ஆதிக்காட்டை அழித்தாலும் திரையில் ஒரே இளஞ்சிவப்புதான். 'மரப்போர்வை இழப்பு' வேறு, காடழிப்பு வேறு. தளமே இதை எழுதி வைத்திருக்கிறது. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள் அதைப் படிப்பதில்லை.

எனவே எந்த எண்ணையும் எடுக்கும் முன் மூன்று அமைப்புகளைச் சரிசெய்ய வேண்டும். முதலாவது எல்லை. நாட்டு அளவிலான எண் ஒரு திட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. திட்டம் நடந்த பரப்பின் எல்லைக்கோப்பையே ஏற்றுங்கள். கோப்பு 1 எம்பிக்கு மேல் போனால் தளம் திணறும். எல்லைக்கோட்டின் புள்ளிகளை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் குறைத்துவிட்டு ஏற்றலாம். இரண்டாவது விதான அடர்த்தி, அதாவது நிலத்தில் எத்தனை சதவீதத்தை மர உச்சிகள் மூடியிருக்கின்றன என்பது. தானாக 30 சதவீதத்தில் நிற்கும். வறண்ட, முள் மரங்கள் சிதறிய காடுகளுக்கு அதை 10 அல்லது 15-க்கு இறக்காவிட்டால், அந்தக் காடு முதலிலேயே கணக்கில் சேராது. சேராதது அழிந்தாலும் தெரியாது. மூன்றாவது, 2001-ன் ஆதிக்காடு வடிகட்டி. தோட்டப்பயிர்களைப் பெருமளவு இது விலக்கிவிடும். ஆனால் ஈர வெப்பமண்டலத்துக்கு மட்டுமே இது உண்டு.

அரசு எண்ணோடு ஒப்பிட்டால் உடனே முரண்படும். ஐநாவின் உணவு வேளாண் அமைப்புக்குக் காடு என்றால் அரை ஹெக்டேர் பரப்பு, 10 சதவீத விதானம், 5 மீட்டர் உயரம். எண்ணெய்ப்பனைத் தோட்டம் அதில் வராது. இந்திய வன ஆய்வு நிறுவனத்துக்கு 1 ஹெக்டேர், 10 சதவீத விதானம் இருந்தால் போதும்; நிலம் யாருடையது, என்ன பயன்பாட்டில் இருக்கிறது என்ற கேள்வியே இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல்தான் வேறு.

அளவுகோலைப் போலவே நாட்காட்டியும் ஏமாற்றும். இதற்கு பிரேசிலைவிட நல்ல பாடம் கிடைக்காது. அந்நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனம் நடத்தும் ப்ரோடெஸ் என்ற அமேசான் காடழிப்புக் கணக்கு 1988 முதல் இருக்கிறது. அது ஆகஸ்ட் தொடங்கி ஜூலை வரை எண்ணும், 6.25 ஹெக்டேருக்குக் குறைந்த துண்டுகளை விட்டுவிடும். 2004-ல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த அமேசான் காடழிப்பு 2012-ல் 4,571-க்கு இறங்கியது. இடையில் நடந்தவை பல: 2004-ன் செயல்திட்டம், அதே ஆண்டு தொடங்கிய டெட்டர் உடனடி எச்சரிக்கை, அதிகம் அழித்த நகராட்சிகளின் பட்டியல், நில ஆவணமும் சுற்றுச்சூழல் ஆவணமும் இல்லாத பண்ணைக்கு வங்கிக் கடன் கிடையாது என்ற 2008-ன் விதி. 2019-ல், அமேசான் காட்டைக் காக்க வெளிநாடுகள் பணம் தரும் அமேசான் நிதி முடங்கியது. 2021-ல் எண் 13,038-க்கு ஏறியது. 2023 ஜனவரியில் அந்த நிதி மீண்டும் திறக்கப்பட்டது. 2024-க்கான ப்ரோடெஸ் எண் 6,288.

அதே 2024-க்கு இந்தத் தளத்தைத் திறந்தால் பிரேசிலின் ஆதிக்காடு இழப்பு 28 லட்சம் ஹெக்டேர், அதாவது 28,000 சதுர கிலோமீட்டர்! கொள்கை தோற்றுவிட்டதா? இந்த இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நெருப்பால் வந்தது. ப்ரோடெஸ் பெரும்பாலும் அடியோடு வெட்டியதை எண்ணுகிறது. இந்தத் தளம் எரிந்ததையும் சேர்க்கிறது. மேலும், ஜூலைக்குப் பிந்தைய பெருந்தீ ப்ரோடெஸின் அடுத்த ஆண்டுக் கணக்குக்குப் போய்விடுகிறது. தீயால் நேர்ந்த இழப்பைத் தனியே பிரித்துக்காட்டும் லேயர் தளத்தில் இருக்கிறது. அதைப் போடாமல் ஒரு அரசையோ சட்டத்தையோ குறை சொல்வது பிழை.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. லேண்ட்சாட் 7-ன் ஸ்கேன் கருவி 2003-ல் பழுதானது. 2013-ல் லேண்ட்சாட் 8 வந்தது. கணக்கிடும் முறையும் இடையில் மேம்பட்டது. 2015-க்குப் பிறகு சிறு இழப்புகள் முன்பைவிட அதிகம் பிடிபடுகின்றன. ஆகவே 2015-ல் தொடங்கிய ஒரு நல்ல திட்டம்கூட வரைபடத்தில் தோற்றதுபோல் தெரியலாம். மூன்றாண்டு நகரும் சராசரியை எடுங்கள். 2015-க்கு முன்னும் பின்னும் நேரடியாக ஒப்பிடாதீர்கள்.

கோஸ்டா ரிக்காவின் புகழ்பெற்ற வனச்சட்டம் 1996-ல் வந்தது. காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தடை. காட்டை வைத்திருப்பவருக்கு எரிபொருள் வரியிலிருந்து பணம். உலகமே மேற்கோள் காட்டும் இந்தத் திட்டத்தை இந்தத் தளத்தால் அளக்க முடியாது, ஏனென்றால் தரவு தொடங்கும்போது சட்டத்துக்கு வயது ஐந்து. மரம் நடும் நிதித் திட்டங்களுக்கும் இதே கதி. புதிய மரப்போர்வை ஆண்டுவாரியாகக் கிடைப்பதில்லை; இழப்பிலிருந்து அதைக் கழித்து 'நிகர' எண் எடுப்பதும் தவறு. நட்ட கன்று 5 மீட்டர் வளரும்வரை திரையில் தெரியாது, பிழைத்ததா காய்ந்ததா என்பதும் தெரியாது. அதற்கு நேரில் போய்க் கன்றுகளை எண்ணத்தான் வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இழப்பு குறைவு என்பதும் தனியாகச் சான்றாகாது. சரணாலயங்கள் பெரும்பாலும் செங்குத்தான, சாலை எட்டாத நிலத்தில் அமைகின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் அங்கே வெட்டுவது கடினம். சரிவும் சாலைத்தொலைவும் ஒத்த வெளிப்பரப்பு ஒன்றைத் தனி எல்லையாக ஏற்றி, இரண்டின் சி.எஸ்.வி. (அட்டவணைத் தரவு) கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் 10 கிலோமீட்டர் வளையம் ஒன்றையும் சேர்த்துக்கொள்வது நல்லது. உள்ளே நின்ற கோடரி வெளியே நகர்ந்திருந்தால் அதில் தெரியும்.

உடனடி எச்சரிக்கைகள் தளத்தின் சிறந்த பகுதி. லேண்ட்சாட், ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள், மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் மூன்றும் இணைந்தவை. ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் பிடித்த இடத்துக்கே மிக உயர்ந்த நம்பகத்தன்மை தரப்படும். ரோந்துக்கு ஆளும் டீசலும் குறைவாக இருக்கும் இடத்தில் அவற்றை மட்டும் துரத்தலாம். ஃபாரஸ்ட் வாட்சர் என்ற கைப்பேசிச் செயலி எச்சரிக்கைகளை முன்பே இறக்கிவைத்து, இணையமில்லாத காட்டிலும் அந்த இடத்துக்கு வழிகாட்டும்.

ஆனால் எச்சரிக்கை தானாக மரத்தைக் காப்பாற்றாது. பெருவின் அமேசானில் 76 பழங்குடிச் சமூகங்களில் நடந்த சோதனையில், ஒரு பகுதியினருக்கு எச்சரிக்கையோடு பயிற்சியும் கண்காணிப்பாளர்களுக்கு ஊதியமும் தரப்பட்டன. அவர்களிடம் மர இழப்பு முதல் ஆண்டில் 52 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 21 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த ஊதியம் இந்தத் தளத்தின் எந்த லேயரிலும் இல்லை. வனக்காவலர் எத்தனை பேர், காலியிடம் எத்தனை, ஒதுக்கிய பணத்தில் செலவானது எவ்வளவு என்பதையெல்லாம் பட்ஜெட் ஆவணங்களிலும் தணிக்கை அறிக்கைகளிலும் தேடி, நீங்களே ஆண்டுவாரியாக இந்த எண்களோடு பொருத்த வேண்டும்.

தளமும் பொதுப்பணத்தைச் சார்ந்துதான் ஓடுகிறது. லேண்ட்சாட் காப்பகத்தை அமெரிக்கா 2008-ல் இலவசமாகத் திறந்திராவிட்டால் இது பிறந்தே இருக்காது. நார்வே அரசின் பணத்தில் 2020 முதல் கிடைத்த, 5 மீட்டருக்கும் குறைந்த பிக்சல் கொண்ட வெப்பமண்டல மாதாந்திரப் படங்களின் ஒப்பந்தம் 2025 தொடக்கத்தில் முடிந்தது. புதிய எச்சரிக்கை உண்மைதானா என்று சரிபார்க்கப் பலர் நம்பியிருந்தது அந்தப் படங்களைத்தான். சென்டினல்-2-ன் 10 மீட்டர் படத்திலும் சரிபார்க்கலாம், ஆனால் காட்டுக்குள் புதிதாகப் போட்ட ஒற்றை லாரிப் பாதை அதில் மங்கலாகத்தான் தெரியும்.