ஹோட்டல் விலைக் குறிப்பு: எதை நம்பிக் கிளம்பலாம்?

போன மாதம் அம்மாவின் பிறந்தநாளுக்கு வீட்டில் ஆறு பேரும் சென்னையில் ஒரு உணவகத்துக்குப் போனோம். செயலியில் 'இருவருக்கு ₹1,200' என்று இருந்தது. மூன்றால் பெருக்கி 3,600 என்று மனதில் வைத்துக்கொண்டேன். சாப்பாட்டுக்கு மட்டுமே 4,440 ஆகிவிட்டது. அதற்குக் கீழே சேவைக் கட்டணம் 444. எடுக்கச் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் 5% ஜிஎஸ்டி சேர்ந்து 4,662 கட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து விலைக் குறிப்பை உற்றுப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

மூன்று விதமாகப் போடுகிறார்கள். முதலாவது ₹, ₹₹, ₹₹₹ என்கிற குறி. உணவகங்களைத் தரம் பார்த்துப் பட்டியலிடும் மிஷெலின் கையேட்டிலும் இப்படித்தான், அந்தந்த நாட்டு நாணயக் குறியை ஒன்று முதல் நான்கு வரை போடுவார்கள். மலிவா, ஆடம்பரமா என்று தெரியும், அவ்வளவுதான். அங்கே தருகிற நட்சத்திரம் சமையலுக்கானது, விலைக்கு அல்ல. 2016-இல் சிங்கப்பூரில் ஒரு கோழிச்சோற்றுக் கடைக்கே நட்சத்திரம் கிடைத்தது.

இரண்டாவது ஜொமேட்டோ பாணியில் 'இருவருக்கு இவ்வளவு'. ஒரே எண், சட்டென்று புரியும். இரண்டு கடைகளில் எது விலை கூடுதல் என்று பார்க்க இது போதும்.

மூன்றாவது கூகுள் மேப்பில் வரும் 'ஒருவருக்கு ₹400–600' மாதிரியான வரம்பு. நான் இப்போது இதைத்தான் பார்க்கிறேன். காரணம் ஒன்றே ஒன்று: அந்த எண்ணுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பது. 'இருவருக்கு' என்பது தோராயக் கணக்கு, வரியும் மற்ற கட்டணங்களும் தனி. அன்றைக்கு எங்கள் மேசையில் வந்த தண்ணீர் பாட்டில், லைம் சோடா, குழந்தைகள் கேட்ட ஐஸ்கிரீம் எதையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒருவருக்கான வரம்பு, போய்ச் சாப்பிட்டவர்கள் தங்களுக்கு ஆன செலவைச் சொல்வதால் வருவது. வீட்டுக்கு வந்து அதே உணவகத்தை மேப்பில் பார்த்தால் 600–800 என்று இருக்கிறது. எங்களுக்குத் தலைக்கு 777!

அந்த வரம்பைத் தொட்டால் எத்தனை பேர் சொன்னது, எந்த விலைக்கு எத்தனை பேர் என்று பட்டை பட்டையாக விரியும். அதை அவசியம் பாருங்கள். காலையில் பொங்கல், வடை, காபி, ராத்திரியில் பிரியாணி என்று ஓடுகிற கடையில் இரண்டு கூட்டமும் கலந்துதான் வரும். ஐந்தாறு பேர் மட்டும் சொல்லியிருந்தால் நான் அதை விட்டுவிட்டு, யாராவது சமீபத்தில் போட்ட மெனு படத்தைத் தேடுவேன். சென்னைக்கு வெளியே, சின்ன ஊர் மெஸ்களில் இந்த வரம்பு எவ்வளவு சரியாக இருக்கும் என்று நான் அதிகம் சோதித்ததில்லை.

எதைப் பார்த்துப் போனாலும் வரி விஷயத்தில் கவனம் வேண்டும். சாதாரண உணவகத்தில் 5% என்றால், அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் 18%. சேவைக் கட்டணத்தைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இலேயே சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எனவே தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள்.