காபியை விடுவது: ஒரேயடியாகவா, படிப்படியாகவா?

காஃபீன் பழக்கத்தைக் கைவிட இரண்டு வழிகள் உண்டு: ஒரே நாளில் நிறுத்திவிடுவது, அல்லது சில வாரங்களில் சிறுகச் சிறுகக் குறைப்பது. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி என்பதால், இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

ஒரேயடியாக நிறுத்துவதில் அளவு பார்க்கும் தொல்லை இல்லை; பெரும்பாலோருக்கு ஒன்பது நாட்களுக்குள் உபாதைகள் தீர்ந்துவிடும். வேலைப்பளு இல்லாத நீண்ட விடுமுறை கையில் இருப்பவருக்கு அதுவே போதும்.

மற்றவர்களுக்கு முடிவைத் தீர்மானிப்பது தலைவலிதான். மூளையில் அடினோசின் என்னும் பொருள் தனக்குரிய ஏற்பிகளில், அதாவது நரம்புச் செல்களில் அது வந்து பொருந்தும் இடங்களில், சேரும்போது அயர்வு உண்டாகிறது. காஃபீன் அந்த ஏற்பிகளை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு அயர்வைத் தள்ளிப்போடுகிறது. இது அன்றாடம் நடக்கும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஆகவே காஃபீன் சட்டென்று நின்றதும் அடினோசினின் கை ஓங்கி, அதுவரை சுருங்கியிருந்த இரத்தக் குழாய்கள் விரிந்து, தலைவலியும் சோர்வும் எரிச்சலும் தலைதூக்குகின்றன. 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும் இந்த உபாதை அடுத்த ஓரிரு நாட்களில் உச்சத்தை எட்டும். நாளொன்றுக்கு வெறும் 100 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ ஒரு கோப்பை காபி, குடிப்பவருக்கும் இது வரக்கூடும். வலிக்காக விழுங்கும் தலைவலி மாத்திரைகள் சிலவற்றிலேயே காஃபீன் சேர்க்கப்பட்டிருப்பதால், உறையைப் படிக்காமல் எடுத்துக்கொள்பவர் தாம் நிறுத்தியதைத் தாமே மீண்டும் தொடங்கிவிடுகிறார்.

படிப்படியாகக் குறைத்தால் மூளைக்கு அவகாசம் கிடைக்கிறது. மாலைக் கோப்பையைத்தான் நான் முதலில் விட்டேன். உட்கொண்ட காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், உறக்கம் சீரடைவது உடனே தெரிந்தது. காலைக் காபியில் காஃபீன் நீக்கிய தூளைக் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு என்று கலந்துகொண்டே போனேன். மணமும் சூடும் அப்படியே இருந்ததால் நாக்கு முரண்டு பிடிக்கவில்லை. கோப்பைகளை மட்டும் எண்ணுவது பயன் தராது, ஏனெனில் எண்ணிக்கை குறையக் குறையக் கோப்பை பெரிதாகிவிடும். அரைப் பங்கோடு நின்றுவிடும் சோம்பலே இந்த வழியின் உண்மையான பலவீனம்.

இந்தத் தீர்ப்பை எல்லாப் பொருளுக்கும் நீட்டிவிட முடியாது. பிரிட்டனில் புகைப்பவர்களிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதத்தினர் நான்கு வாரங்களுக்குப் பின்னும் புகைக்காமல் இருந்தனர். படிப்படியாகக் குறைத்தவர்களில் அது 39 சதவீதம்தான். நிகோடினில் வேட்கையே பெரும் எதிரி என்பதால், மிச்சம் வைக்கும் ஒவ்வொரு சிகரெட்டும் அதற்குத் தீனியாகிறது என்பது என் ஊகம். நான் புகைத்தவன் அல்லன். நெடுங்காலம் மிகுதியாக மது அருந்தியவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அங்கே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் மருத்துவர்.

காபியையும் சிகரெட்டையும் சேர்த்தே விட நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகை, கல்லீரலில் காஃபீன் சிதையும் வேகத்தைக் கூட்டுகிறது. புகைப்பதை நிறுத்தியதும் அந்த வேகம் தணிந்து, அதே அளவு காபி இரத்தத்தில் கூடுதல் நேரம் தங்கும். அந்த வாரத்தில் வரும் படபடப்பையும் தூக்கமின்மையையும் நிகோடின் மேல் மட்டுமே பழிபோடாமல், காபியையும் உடன் குறைத்துக்கொள்வது நல்லது.