தாப்பா மலைப்பாதையும் மூன்று மழைச் சிலுவார்களும்: ஆறு வருட அனுபவம்

நம் மலேசியாவில் குளிர்காலம் கிடையாது. இருந்தும் என் அலமாரியில் ‘குளிர்காலப் பயணத்துக்கு’ என்று போட்டு விற்ற மோட்டார்சைக்கிள் சிலுவார் (கால்சட்டை) ஒன்று மூன்றரை வருடம் தொங்கியது. விலை 420 வெள்ளி (ரிங்கிட்). அதை ஏன் வாங்கினாய், ஏன் தூக்கிப் போட்டாய், இப்போது எதைப் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறாய் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

வீடு தாப்பாவில். வேலை மேலே, கேமரன் மலையில். காய்கறித் தோட்டம், தேயிலைத் தோட்டம் என்று தண்ணீர்ப் பம்பு எங்கே நின்றாலும் போய்ப் பார்க்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நாலு நாள், விடிகாலை ஐந்து மணிக்கு கப்சாயை, என் சின்ன மோட்டார்சைக்கிளை, எடுப்பேன். 59ஆம் எண் சாலையில் ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்குக் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. தாப்பாவில் கிளம்பும்போது 24 டிகிரி இருக்கும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர். விடிகிற நேரத்தில் அங்கே 15, 16தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி இறங்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். நனைந்த தொடையோடு அந்தப் பாடத்தை நான் பல தடவை திரும்பப் படித்திருக்கிறேன்.

பதினைந்து டிகிரியெல்லாம் ஒரு குளிரா என்று வெள்ளைக்கார நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். காய்ந்த உடம்புக்கு அது குளிரே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஈரத் துணியோடு காற்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் பல்லு தந்தியடிக்கும். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் அது தொடங்கிவிடும்.

அப்பா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. மழை பெய்தால் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்ட முடியாது, பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக் கோட்டைத் தாண்டி வழிந்து வீணாகும் என்பதால் வேலையே நின்றுவிடும். எப்போதாவது மழையில் சைக்கிளில் போக வேண்டி வந்தால் உரச்சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையைக் கிழித்து இரண்டு காலிலும் சுற்றி, கயிற்றால் கட்டிக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு சொட்டு உள்ளே போகாது.

என் முதல் சிலுவார் அந்த உரச்சாக்குக்கு ஒன்றுவிட்ட தம்பி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் மேல் சட்டையோடு சேர்த்து 35 வெள்ளிக்கு வாங்கிய பி.வி.சி. மழை உடுப்பு. வெளித் தண்ணீரை அது விடவே இல்லை. உள்ளே ஊறும் வியர்வையையும் விடவில்லை. ரிங்லெட்டில் இறங்கிக் கழற்றினால் உள்ளே போட்டிருந்த ஜீன்ஸ் பிழிந்தெடுத்த மாதிரி இருக்கும். ‘ஓட்டை விழுந்துவிட்டது’ என்று நினைத்து இதே மாதிரி இரண்டு உடுப்பு மாற்றினேன். ஓட்டையே இல்லை, எல்லாம் என் வியர்வை. மூன்றாவது உடுப்பின் வலது கால் ஒருநாள் எக்ஸாஸ்ட் குழாயில் பட்டு உருகி ஒட்டிக்கொண்டது. அந்தக் கருகல் நாற்றம் ஒரு மாதம் மோட்டாரை விட்டுப் போகவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். தாப்பா, பீடோர், சுங்கை என்று கீழேயே ஓட்டுகிறவர்களுக்கு அந்த 35 வெள்ளி உடுப்பே போதும். பதினைந்து நிமிட மழைக்கு ஐந்நூறு வெள்ளி செலவழிப்பது ஜம்பம்.

இரண்டாவதுதான் அந்த 420 வெள்ளி. இணையத்தில் படம் பார்த்து வாங்கியது. தடித்த துணி, முட்டிக்கும் இடுப்புக்கும் காப்பு, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த குளிர் அடுக்கு, அதற்கு நடுவே தண்ணீர் புகாத மெல்லிய சவ்வு. பெட்டியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தபோது பனிமலைக்குப் போகிறவன் மாதிரிதான் இருந்தேன். முதல் பெருமழையில் விஷயம் புரிந்தது. தண்ணீரைத் தடுக்கிற சவ்வு உள்ளே இருக்கிறது. வெளித் துணி சும்மா துணிதான். அது குடிக்கிற மட்டும் குடித்து, நனைந்த கம்பளி மாதிரி கனத்துத் தொங்கியது. உள்ளே கால் நனையவில்லை என்பது உண்மை. ஆனால் வெளித் துணியில் இருக்கும் தண்ணீரைக் காற்று உலர்த்த உலர்த்தச் சூடெல்லாம் அதோடு போய்விடுகிறது. மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம். நனையாத காலும் விறைத்தது.

அதைவிடப் பெரிய கொடுமை திரும்பி வரும்போது. மத்தியானம் இரண்டு மணிக்குத் தாப்பாவில் 33 டிகிரி. பஞ்சு அடுக்கைத் தனியாகக் கழற்ற முடியாது, சேர்த்தே தைத்திருந்தார்கள். சிக்னலில் நிற்கும்போது இட்லிப் பானைக்குள் இறங்கிய மாதிரி இருக்கும். ஈரமானால் காய இரண்டு நாள். எனக்கு அடுத்த நாளே வேலை.

அதைக் குறை மட்டும் சொல்லவும் முடியாது. ஒரு டிசம்பரில் நண்பர்கள் நாலு பேரோடு வடக்கு தாய்லாந்துக்குப் போனோம். டோய் இந்தனோன் 2,565 மீட்டர், தாய்லாந்திலேயே உயரமான மலை. அந்த மாதங்களில் உச்சியில் புல்லின் மேல் உறைபனி படிகிற இடம். மற்றவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, நம்ம ஊர்ப் பாணியில், நடுங்கிக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் கால் சூட்டோடு போய்த் திரும்பினேன். மழையில்லாத வறண்ட குளிர், அந்தச் சிலுவார் பிறந்ததே அதற்குத்தான். மூன்றரை வருடத்தில் அது தன் காசுக்கு உழைத்தது அந்த நாலு நாள்.

மூன்றாவது வருடம் உள்சவ்வு உரியத் தொடங்கியது. கையை விட்டால் பசை மாதிரி பிசுபிசுப்பு, வெளியே எடுத்தால் பாம்புச் சட்டை மாதிரி வெள்ளைத் தோல். முதலில் கம்பெனியைத் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, பாலியூரித்தேன் பூசிய துணிக்குச் சூடும் ஈரமும் சேர்ந்தால் ஆகாது. பூச்சு மெல்ல மெல்லச் சிதைந்து பிசினாகும். நம் ஊர்க் காற்றே அதற்கு எதிரி. போதாக்குறைக்கு நான் அதை ஈரத்தோடு சுருட்டி மோட்டாரின் பின்பெட்டியில் அடைத்து, வெயிலில் நிறுத்தி வைத்திருந்தேன். வேக வைத்துவிட்டேன் என்றே சொல்லலாம்.

இதையெல்லாம் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் புலம்பினேன். அவர் அந்தச் சிலுவாரை உள்வெளியாகப் புரட்டி, கவட்டுப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்தார். முன் இரண்டு துண்டு, பின் இரண்டு துண்டு, நாலும் ஒரே புள்ளியில் சேர்கிற இடம். ஊசி ஓட்டைகளை அடைக்கத் தையலின் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள்.

“பாருங்க தம்பி, நாலு தையல் ஒரே இடத்துல முட்டுது. அங்க டேப் மடிஞ்சு நிக்குது, ஒட்டவே இல்ல. நீங்க உக்கார்ற இடமும் அதுதான். துணி நல்ல துணி லா, ஊசி போன ஓட்டைதான் ஒழுகும்.”

அட்டையில் 10,000 மில்லிமீட்டர், 20,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்களே, அது துணியின் மேல் அவ்வளவு உயரத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்கிற கணக்கு. 10,000 என்றால் சதுரச் சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். 70 கிலோ ஆள் சீட்டில் உட்காரும்போது அதில் கால் பங்குகூட வராது. ஆக, எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், தையலைப் பாருங்கள். அக்காவிடம் கற்ற பாடம் இது. கவட்டில் வைரக்கல் வடிவத்தில் தனித் துண்டு வைத்துத் தைத்திருந்தால் தையல்கள் ஒரே புள்ளியில் மோதாது. கடையில் முதலில் அதைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது சிலுவாரை அப்படிப் புரட்டிப் பார்த்துத்தான் கோலாலம்பூரில் வாங்கினேன். 590 வெள்ளி. மேலே போட்டுக்கொள்கிற வகை, பஞ்சு கிடையாது, காப்பு கிடையாது. வெளித் துணியும் சவ்வும் உள்வலையும் ஒன்றாக ஒட்டிய மூன்றடுக்கு. வெளித் துணிக்கும் சவ்வுக்கும் நடுவே தண்ணீர் தங்க இடமில்லை. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் பெரிய குளியல் பேசினில் தண்ணீர் ஊற்றி, உள்ளே பழைய நாளிதழைச் சுற்றிக்கொண்டு, சிலுவாரோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் போட்டோ குடும்ப வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. நாளிதழ் காய்ந்தே இருந்தது.

இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. குளிருக்கு உள்ளே மெல்லிய பாலியஸ்டர் உள்கால்சட்டை, அதற்கு மேல் முட்டிக் காப்பு வைத்த மோட்டார் ஜீன்ஸ், மழை வந்தால் அதற்கு மேல் இது. பருத்தி உள்ளாடை வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றும் தனித்தனி என்பதால் மேலே ஏறும்போது மாட்டுவேன், கீழே இறங்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். குளிரையும் மழையையும் ஒரே துணியில் தைத்துத் தருகிறவர்களுக்கு நம் மலைப்பாதை தெரியாது. ஒரே காலையில் இரண்டு நாட்டு வானிலையைப் பார்க்கிறோம் நாம்.

காலின் பக்கவாட்டில் இடுப்பு வரை ஜிப் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். மழை சொல்லிக்கொண்டு வராது. பூர்வகுடிகள் பெத்தாய், டுரியான் விற்கும் சாலையோரக் குடிசையில் ஒதுங்கி, ஒற்றைக் காலில் நின்று, சப்பாத்தைக் கழற்றாமல் மாட்ட வேண்டும். முழு ஜிப் இருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. முட்டி வரைதான் ஜிப் என்றால் மாட்டி முடிப்பதற்குள் நனைந்தாகிவிடும்.

அளவைப் பொறுத்தவரை, நிற்கும்போது சரியாக இருப்பது மோட்டாரில் உட்கார்ந்தால் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். எனக்கு இடுப்பு 34, வாங்கியது 38. கால் நுனி சப்பாத்துக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே செருகினால் புனல் வைத்து ஊற்றின மாதிரி. சப்பாத்து என்று நான் சொல்வது அடிடாஸ் கம்போங், தோட்டத்து ரப்பர் சப்பாத்துதான். அதை மிஞ்சிய மழைக் காலணியை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரு விஷயத்தில் இந்தச் சிலுவாரை அநியாயமாகத் திட்டினேன். முதல் ஐந்து மாதம், இரண்டு மணி நேர மழை தாண்டினால் பின்பக்கம் மட்டும் ஜில்லென்று ஆகும். கசிகிறது என்றே முடிவு கட்டி, கடைக்குத் திருப்ப ரசீதைத் தேடினேன். பிறகு ஒருநாள் மழையே இல்லாத காலையிலும் அதே ஈரம். சீட்டை அமுக்கிப் பார்த்தால் கிழிந்த தையல் வழியாகத் தண்ணீர் கொப்பளிக்கிறது. முந்தின நாள் மழையைச் சீட்டு ஸ்பாஞ்சு குடித்து வைத்துக்கொண்டு, நான் உட்கார உட்கார மேலே தள்ளியிருக்கிறது. மூடின துணிக்குள் அடியிலிருந்து அந்தக் குளிர்ச்சி ஏறினால் நனைந்த மாதிரியேதான் இருக்கும். 45 வெள்ளிக்குச் சீட்டு உறை மாற்றினேன். தீர்ந்தது. முன்பலகை உள்ள கப்சாயில் கெண்டைக்காலுக்கு மழை அதிகம் படாது. முட்டியில் பட்டுத் தொடை வழியாக ஓடிச் சீட்டில்தான் குளம் கட்டும். சீட்டு சரியில்லாமல் எந்தச் சிலுவாரைப் போட்டும் பயனில்லை.

துவைப்பது பற்றி. மெதுமையூட்டும் வாசனைத் திரவம் ஊற்றவே கூடாது, அது துணியில் படலமாகப் படிந்து தண்ணீரை ஈர்க்கும். மழைத்துளி உருண்டு ஓடாமல் வெளித் துணியில் ஊறத் தொடங்கினால் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சவ்வு கசியாது, ஆனால் வியர்வை வெளியேறுவது நின்றுவிடும். ஒன்றரை வருடத்தில் எனக்கு அப்படி ஆனது. அலசி, தண்ணீர் ஒட்டாத தெளிப்பானை அடித்து, காயவைத்து, மேலே துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட்டதும் துளிகள் மறுபடி உருள ஆரம்பித்தன. இப்போது ஈரத்தோடு பெட்டியில் வைப்பதில்லை. வீட்டுப் பின்கட்டில் மின்விசிறிக்கு நேரே தொங்கும்.

போன வாரம் இடது கால் ஜிப் பல்லு இரண்டு போய்விட்டது. அக்காவிடம் கொண்டுபோனேன். ஊசி எடுக்கவே மாட்டேன் என்றார். “நான் தைச்சா நாப்பது ஓட்டை. அப்புறம் ஒழுகுதுன்னு எங்கிட்டயே வருவீங்க.” கடைசியில், பின்பக்கம் சூட்டில் ஒட்டுகிற தையல் டேப் வாங்கி வந்தால் தைக்கிறேன் என்று இறங்கி வந்தார். டேப் ஈப்போவில் கிடைக்கிறதாம். சனிக்கிழமை போகிறேன். அதுவரை இடது காலுக்கு உரச்சாக்கு பிளாஸ்டிக்தான்.