கருத்தரிப்பு ஹார்மோன் பேக்கேஜ்: ஊசியில் குறையில்லை, ரிப்போர்ட்டில்தான்

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். ரத்தம் எடுத்த விதத்துக்கு ஐந்துக்கு ஐந்து. லேப் கொடுத்த எண்களுக்கு நாலு. அந்த எண்களுக்குப் பக்கத்தில் ஆப் எழுதித் தந்த விளக்கத்துக்கு ஒன்று, அதுவும் எழுத்து படிக்கும்படி பெரிதாக இருந்ததால்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி பேக்கேஜை வேறு பலரும் விற்கிறார்கள், எனக்குப் பட்டது அவர்களிடமும் படும். மாதவிடாய் ஒழுங்காக வராமல், குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்காகவே தயாரித்தது என்றுதான் விளம்பரம் சொன்னது. ஆனால் உள்ளே இருக்கும் கணக்கெல்லாம் 28 நாளுக்கு ஒருமுறை பிசகாமல் வருகிறவர்களுக்கானது. என் சைக்கிள் 35 நாளிலும் முடியும், 50 நாளும் இழுக்கும். இந்த விமர்சனத்தின் முக்கால்வாசி இந்த ஒரு விஷயம்தான்.

பேக்கேஜில் இருந்தவை: மாதவிடாயின் இரண்டாம் நாள் எடுக்கும் ரத்தத்தில் எஃப்எஸ்ஹெச் (முட்டையை வளர்ப்பது), எல்ஹெச் (முட்டையை வெடித்து வெளியேறச் செய்வது), ஈஸ்ட்ரடையால் (பெண் ஹார்மோன்), புரோலாக்டின் (பால் சுரப்புக்கானது), டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கானது), ஏஎம்ஹெச் (முட்டை இருப்பைக் காட்டுவது), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), ஃபாஸ்டிங் சுகர், ஃபாஸ்டிங் இன்சுலின். பிறகு 21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன். கூடவே, முட்டை வெளியாகும் நாளைச் சிறுநீரில் நனைத்துக் கணிக்கும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப் ஒரு டப்பா.

ரத்தம் எடுக்க வந்த பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சொன்ன நேரத்துக்கு வந்தார், ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தார். ஊசியைப் பிரிக்கும் முன்பே, "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா மேடம்?" என்று கேட்டார். புக்கிங் படிவத்தில் இந்தக் கேள்வி எங்குமே இல்லை. முடிக்கும் நகத்துக்கும் விற்கிற மாத்திரைகளில் பயோட்டின் இருக்கும். உடம்புக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும், அந்த மாத்திரைகளிலோ 5,000, 10,000 என்று போட்டிருப்பார்கள். அந்த அளவு ரத்தத்தில் இருந்தால் சில வகை லேப் கருவிகள் ஏமாந்துவிடும்: டிஎஸ்ஹெச் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும், புரோஜெஸ்டிரோன் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. நான் அப்படி எதுவும் சாப்பிடவில்லை. சாப்பிடுகிறவர்கள் எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று லேபிலோ டாக்டரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள், பொதுவாக இரண்டு நாளாவது சொல்வார்கள்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

ஆப்பைத் திறந்ததும் வரிசையாகச் சிவப்பு, பச்சை வட்டங்கள். லேபின் மூல ரிப்போர்ட்டில் எல்ஹெச், ஈஸ்ட்ரடையால், புரோஜெஸ்டிரோன் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு இயல்பு அளவு இருக்காது. முட்டை வளரும் பாதிக்கு ஒன்று, முட்டை வெடிக்கும் சமயத்துக்கு ஒன்று, வெடித்த பிறகான பாதிக்கு ஒன்று, மாதவிடாய் நின்றவர்களுக்கு ஒன்று என்று நான்கு வரிகள் அச்சாகியிருக்கும். ரத்தம் கொடுத்த பெண் இந்த நான்கில் எங்கே நிற்கிறாள் என்று லேபுக்குத் தெரியாது. ஆப்புக்கும் தெரியாது, ஆனால் தெரிந்த மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சாயம் பூசிவிடுகிறது.

இதன் உச்சம் 21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன். பேக்கேஜ் அந்தத் தேதியைத் தானாகவே குறித்துவிட்டது. "என் சைக்கிள் நீளம், தேதியைத் தள்ளிப் போடுங்கள்" என்று சாட்டில் கேட்டேன். "டே 21 டெஸ்ட் டே 21-ல்தான் எடுக்கப்படும் மேடம்" என்று பதில் வந்தது. பணம் கட்டியாயிற்று, எடுக்கட்டும் என்று விட்டேன். வந்த எண் 0.6. சிவப்பு வட்டம். பக்கத்தில்: "இந்த மாதம் கருமுட்டை வெளியாகவில்லை."

அந்த வாக்கியத்தைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. முட்டை வெடித்த பிறகு, அது இருந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் திசுதான் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. வெடித்து ஒரு வாரம் ஆகும்போது அளவு உச்சத்தில் இருக்கும், அன்றைக்கு அளந்தால்தான் அர்த்தம். வெடித்த நாளிலிருந்து அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ இரண்டு வாரம், இது பெரும்பாலும் அவ்வளவாக மாறாது. நீளுவதும் குறுகுவதும் முதல் பாதிதான். அதனால் 28 நாள் சைக்கிளில் 14-ஆம் நாள் வெடித்து, 21-ஆம் நாள் பரிசோதனை. 45 நாள் சைக்கிள் என்றால் வெடிப்பதே 31-ஆம் நாள் வாக்கில், பரிசோதனை 38-ஆம் நாள் வாக்கில். 21-ஆம் நாள் என் உடம்பில் முட்டை இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும். அன்றைக்கு 0.6 என்பது இருக்க வேண்டிய அளவுதான். "இன்னும் வெடிக்கவில்லை" என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். "இந்த மாதம் வெளியாகவில்லை" என்று எழுத அவர்களுக்கு எந்த ஆதாரமும் கிடையாது.

எப்போது வெடிக்கும் என்று தெரியாதவர்கள் என்ன செய்வது? டாக்டர்கள் சொல்லும் வழி எளிது: கொஞ்சம் தள்ளி ஆரம்பித்து, அடுத்த மாதவிடாய் வரும்வரை வாரம் ஒருமுறை புரோஜெஸ்டிரோனை மட்டும் பார்ப்பது. பேக்கேஜை விட்டுவிட்டு அதை மட்டும் தனியாகச் செய்துகொண்டேன். அதே சைக்கிளில் பின்னால் ஒரு வாரம் 8.9 வந்தது, அதற்கடுத்த வாரம் மாதவிடாய் வந்துவிட்டது. 3-க்கு மேல் போனாலே முட்டை வெடித்திருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள் (மில்லிக்கு நானோகிராம் கணக்கில்). இந்த ஹார்மோன் ஒரே நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும் என்பதால் 8.9 நல்லதா, 12 இன்னும் நல்லதா என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. வெடித்ததா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

அடுத்த சிவப்பு வட்டம் எல்ஹெச். என் எல்ஹெச் 11.8, எஃப்எஸ்ஹெச் 5.1. இரண்டுக்கும் விகிதம் இரண்டுக்கு மேல், ஆகவே "பிசிஓஎஸ் வாய்ப்பு அதிகம்" என்றது ஆப். பிசிஓஎஸ் என்பது முட்டை ஒழுங்காக வெளியாகாமல் மாதவிடாய் தாறுமாறாகும் ஒரு ஹார்மோன் கோளாறு. அது உள்ளவர்களில் பலருக்கு எல்ஹெச் தூக்கலாக இருப்பது உண்மை. ஆனால் 2003-இல் ராட்டர்டாமில் நிபுணர்கள் பிசிஓஎஸ்ஸுக்கு வகுத்த அளவுகோலில் இந்த விகிதத்துக்கு இடமே இல்லை. அதில் இருப்பவை மூன்று: மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி (ரத்தத்திலோ, முகத்தில் முடி போன்ற அறிகுறியாகவோ), ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம் (சின்ன முட்டைப் பைகள் நிறைய இருப்பது போன்றவை). மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். அதற்கு முன் தைராய்டு, புரோலாக்டின் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பிசிஓஎஸ் இருப்பது பிறகு உறுதியானது, ஆனால் அந்த விகிதத்தை வைத்து இல்லை. எல்ஹெச் விட்டு விட்டுச் சுரப்பது. ஒரு மணி நேரம் கழித்து எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கலாம்.

டப்பாவில் வந்த ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பும் இதனால்தான் எனக்கு வீணாகப் போனது. அது பார்ப்பது எல்ஹெச் திடீரென்று எகிறுவதை. எப்போதுமே மேலே இருக்கிற எல்ஹெச்சை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? நாள் கணக்கில் இரண்டு கோடும், எகிறிவிட்டது என்று காட்டுகிற மாதிரி, அடர்த்தியாகவே வந்தன. காலையில் எழுந்ததும் உடல் வெப்பம் குறித்துவைப்பது இதைவிட உதவியாக இருந்தது. வெடித்த பிறகு செல்சியஸ் கணக்கில் அரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறி, அப்படியே நிற்கும். முன்கூட்டிச் சொல்லாது என்பதுதான் அதன் குறை.

பச்சை வட்டம் ஒன்று சிவப்பைவிட மோசமாக இருந்தது. ஏஎம்ஹெச் 7.8. "மிகச் சிறந்த கருமுட்டை இருப்பு, வாழ்த்துகள்!" ஆச்சரியக்குறி அவர்களுடையது. மாதவிடாய் தாறுமாறாக வருகிற ஒருத்திக்கு ஏஎம்ஹெச் இவ்வளவு உயர்ந்திருந்தால் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போக முடியாது. சின்னச் சின்ன முட்டைப் பைகள் நிறைய இருந்து, எதுவும் முழுதாக முதிராமல் நிற்கிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். 2023-இல் வந்த சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதல், வயதுவந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்ஹெச்சை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆப் கவனிக்க வேண்டிய எண்ணே இதுதான், அதற்குப் போய் பச்சை!

இதே பேக்கேஜை வேறொரு லேபில் எடுத்த என் சித்தி மகள் போன் செய்தாள். "உங்களுக்கு 7.8, எனக்கு 6.4. ஏறத்தாழ ஒன்றுதானேக்கா, ஏன் எனக்கு மட்டும் சிவப்பு?" ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவளுடைய எண் பிகோமோலில் இருந்தது, என்னுடையது நானோகிராமில். மில்லிக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்கு 7.14 பிகோமோல். அவளுடைய 6.4-ஐ என் கணக்குக்கு மாற்றினால் 0.9தான். அவள் ஆப்பில் "காலம் கடந்துகொண்டிருக்கிறது" என்று போட்டிருந்தது. பாவம், இரண்டு நாள் தூங்கவில்லை. அவளுக்கு மாதவிடாய் பிசகாமல் வருகிறது, முயற்சியை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறாள். ஏஎம்ஹெச் முட்டைகளின் எண்ணிக்கையைப் பற்றிய குறிப்பு, தரத்தைப் பற்றியதல்ல. ஐவிஎஃப் செய்யும்போது ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று மதிப்பிட உதவும். குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களை வைத்து 2017-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஏஎம்ஹெச் குறைந்தவர்கள் இயற்கையாகக் கருத்தரிப்பதில் மற்றவர்களைவிடப் பின்தங்கவில்லை. இதைச் சொன்ன பிறகுதான் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

புரோலாக்டின் 31 என்று வந்து, "பிட்யூட்டரி கட்டி சாத்தியம்" (மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில்) என்று பயமுறுத்தியது. ஃபாஸ்டிங் சுகருக்காக விடியற்காலையிலேயே ரத்தம் எடுக்கிறார்கள், தூங்கி எழுந்த சூட்டோடு. புரோலாக்டின் தூக்கத்தில் ஏறும், எழுந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கும். பதற்றம், உடற்பயிற்சி, சில வாந்தி மாத்திரைகள் எல்லாம் அதை ஏற்றும். முற்பகலில், சற்று ஓய்வாக உட்கார்ந்துவிட்டு மறுபடி எடுத்தபோது 17. ஒரே குத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதுதான் பேக்கேஜின் சௌகரியம், இந்த ஹார்மோனுக்கு அந்த நேரம் ஒத்துவராது.

இன்னொன்று. லேபின் இயல்பு அளவு என்பது ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் வரம்பு. பத்துப் பரிசோதனை எடுத்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்: எந்தக் கோளாறும் இல்லாதவருக்குக்கூட ஒரு சிவப்பாவது வர 40 சதவீத வாய்ப்பு. பேக்கேஜ் பெரிதாக ஆக, சிவப்பும் கூடும்.

உள்ளே தேவையில்லாமல் இருந்தது ஃபாஸ்டிங் இன்சுலின். பிசிஓஎஸ்ஸுக்கு அதை வழக்கமாகப் பார்க்கச் சொல்வதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனைதான் கர்ப்பத்துக்கு முன் உருப்படியானது, அது இல்லை. டெஸ்டோஸ்டிரோன் இருந்தது, அதைப் பிடித்துவைக்கும் புரதமான எஸ்ஹெச்பிஜி இல்லை. அது தெரியாமல் உடம்பு உண்மையில் பயன்படுத்தும் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு என்று கணக்கிட முடியாது.

பெரிய ஓட்டை வேறு. பேக்கேஜின் அட்டையில் சிரித்துக்கொண்டிருப்பது ஒரு தம்பதி. பரிசோதனை மனைவிக்கு மட்டும். விந்துப் பரிசோதனை பட்டியலிலேயே இல்லை, கூடுதலாகக் கேட்டாலும் இல்லை. ஊசி இல்லை, சைக்கிள் நாள் பார்க்க வேண்டாம், கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டால் போதும். என் கணவர் தனியாகப் போய் எடுத்துவந்தார், மில்லிக்கு 16 மில்லியன் விந்தணு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கீழ்வரம்பைத் தாராளமாகத் தாண்டியிருந்தது. ஒரு பாதிக் கவலை அன்றோடு தீர்ந்தது.

பேக்கேஜோடு இலவசமாக வரும் "நிபுணர் ஆலோசனை" அழைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆப்பில் இருந்ததையே வாசித்துக் காட்டினார், முடிவில் அவர்களுடைய சத்து மாத்திரையைப் பரிந்துரைத்தார்.

வாங்கலாமா என்றால், மாதவிடாய் நாள் தப்பாமல் வருகிறவர்கள் வேண்டுமானால் வாங்கலாம், வீட்டுக்கே வருவது வசதிதான். தாறுமாறாக வருகிறவர்கள் ஒரு வருடம் முயன்று பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடம் போக வேண்டும் என்று காத்திருக்கத் தேவையே இல்லை, முதலிலேயே போகலாம். எந்தப் பரிசோதனை, எந்த நாள் என்று அவர் எழுதித் தந்த பிறகு இதே நிறுவனத்திடம் தனித்தனியாக புக் செய்யுங்கள். அதே பெண் வந்தால் அதிர்ஷ்டம். நாள் தள்ளிப் போயிருந்தால் எந்த மாத்திரைக்கும் முன் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள், நீளமான சைக்கிளில் அது எளிதாக மறந்துபோகும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஆப்பின் மெனுவில் கடைசியாக இருக்கும் "லேப் ஒரிஜினல்" என்ற பிடிஎஃப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அலகும், பரிசோதனை முறையும், ரத்தம் எடுத்த நேரமும் அதில்தான் இருக்கின்றன. என் டாக்டர் ஆப்பின் வட்டங்களைப் பார்க்கவே இல்லை. அந்தத் தாளை வாங்கி, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது சைக்கிளின் எத்தனையாவது நாள் என்று பேனாவால் எழுதிவிட்டுத்தான் படிக்கவே ஆரம்பித்தார்.