குன்னூரில் ஆறு மாத மக்கள் தொடர்பு வகுப்பு: படித்து முடித்தபின் ஒரு மதிப்பீடு

குன்னூர் பெட்ஃபோர்டு பகுதியில், ஒரு கட்டடத்தின் மாடியில் ஞாயிறுதோறும் நடைபெறும் ஆறு மாத மக்கள் தொடர்புச் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்து, கடந்த ஆண்டு படித்து முடித்தேன். கட்டணம் 18,000 ரூபாய். இரண்டு தவணைகளில் கட்டலாம். தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்துக்கொண்டு, வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை நாளையும் கொடுத்துப் படித்த படிப்பு என்பதால், கொடுத்த பணத்துக்கு எது ஈடாக இருந்தது, எது இல்லை என்பதை மறைக்காமல் எழுத விரும்புகிறேன். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இதைப் போன்ற வகுப்புகள் மற்ற ஊர்களிலும் நடக்கின்றன. எங்கே சேர்வதாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படிப்பின் பெயரைச் சொன்னதும் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் அம்மா, "ஏம்மா, சினிமாக்காரங்களுக்காகப் பேப்பர்ல நியூஸ் போட வைப்பாங்களே, அந்த வேலையா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. எம்.ஜி.ஆர். 1958-இல் தயாரித்து இயக்கிய படத்தின் மூலம் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் ஆன நாளிலிருந்து, நம் ஊரில் 'பி.ஆர்.ஓ.' என்ற சொல் சினிமாவோடு சேர்ந்தே புழங்கி வருகிறது. அதை விட்டால், ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலரைத்தான் நமக்குத் தெரியும். இவ்விரண்டுக்கும் நடுவே மருத்துவமனை, வங்கி, தொழிற்சாலை, பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம் என்று எத்தனையோ இடங்களில் இதே வேலை நடக்கிறது என்பது எனக்கே வகுப்பில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

முதல் இரண்டு மாதங்கள் வீணாகவே கழிந்தன. பாடம் முழுவதும் திரையில் காட்டப்படும் ஆங்கிலக் குறிப்புகள். அவற்றை ஒருவர் வரி விடாமல் வாசிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1958-இல் தொடங்கப்பட்டது, அதன் முதல் அகில இந்திய மாநாடு 1968 ஏப்ரல் 21 அன்று நடந்ததால் அந்த நாளே தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது என்பன போன்ற செய்திகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். விளம்பரம் என்பது நாளிதழில் காசு கொடுத்து வாங்கும் இடம், மக்கள் தொடர்பு என்பது நம்பிக்கையால் கிடைக்கும் இடம் என்ற அடிப்படை வேறுபாட்டைக்கூட ஒரு பட்டியலாகத்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள். வகுப்பிலிருந்த 14 பேரில் இருவர் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிட்டார்கள்.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: "தவிர்க்க இயலாத காரணங்களால் நாளைய வகுப்பு நடைபெறாது." அதற்கு அடுத்த வாரம் ஆசிரியர் மாறியிருந்தார். பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் மக்கள் தொடர்புப் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர் புதிதாக வந்தார். அவர் முதல் வேலையாக எங்கள் கைப்பேசிகளில் இருந்த அந்தச் செய்தியை வாங்கிப் படித்துவிட்டு, அதைக் கரும்பலகையில் எழுதினார். "தவிர்க்க இயலாத காரணம்னா என்ன? காரணம் தெரிஞ்சும் சொல்ல விரும்பாதவங்க எழுதுற வாக்கியம் இது. இந்த ஆறு மாசத்துல இதை நீங்க ஒரு தடவைகூட எழுதக் கூடாது," என்றார். படிப்பு எங்களுக்கு அன்றுதான் தொடங்கியது என்று சொல்வேன்.

அன்று அவர் கொடுத்த பயிற்சி இது. இரவு முழுதும் மழை பெய்து, பர்லியார் அருகே மண் சரிந்து, குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டிருக்கிறது. நீங்கள் ஒரு விடுதியின் மக்கள் தொடர்பாளர். காலை ஆறு மணிக்கு, அன்று வந்து சேர வேண்டிய விருந்தினர்கள் எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். நானும் வரவேற்பு மேசையில் நின்று பழகியவள் என்பதால் துணிவுடன் எழுதினேன். "இயற்கைச் சீற்றத்தின் காரணமாக ஏற்பட்டுள்ள எதிர்பாராத இடையூறுக்கு ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று தொடங்கியிருந்தேன். சிவப்பு மையில் அந்த வரி முழுவதையும் அடித்துவிட்டு, ஓரத்தில் நான்கு கேள்விகளை எழுதித் திருப்பிக் கொடுத்தார்: எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது? எந்த வழியாக வரலாம்? எவ்வளவு நேரம் கூடும்? வர இயலாதவரின் பணம் என்னவாகும்? மலையில் வாழ்பவர் எவருக்கும் கோத்தகிரி வழியாகச் சுற்றி வரலாம் என்பது தெரியும். ஆனால் திண்டுக்கல்லிலிருந்து குழந்தைகளோடு காரில் புறப்பட்டு வருபவருக்கு அது தெரியாது, அவருக்குத் தேவை என் வருத்தம் அன்று, அந்த வழி. மூன்றாம் முறை எழுதியபோதுதான் தாள் சிவப்பு இல்லாமல் திரும்பி வந்தது.

அடுத்த நான்கு மாதங்களில் இப்படி 22 பயிற்சிகள் எழுதினேன். ஒவ்வொன்றையும் அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று திருத்திக் கொண்டுவந்தார். 'என்பதைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்' என்ற வால், 'விழா இனிதே நடைபெற்றது' என்ற முடிப்பு, பத்திரிகைச் செய்தியின் முதல் பத்தியை முழுவதுமாக அடைத்துக்கொள்ளும் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர் வரிசை ஆகியவை ஒவ்வொன்றாக எங்கள் கையிலிருந்து உதிர்ந்தன. எதையும் முதலில் தமிழில் எழுத வேண்டும், தேவையானால் பிறகு ஆங்கிலத்தில் எழுதலாம் என்பது அவர் விதித்த கட்டளை. ஆங்கில அறிக்கையை அப்படியே தமிழாக்கி நாளிதழ்களுக்கு அனுப்பினால், அதைப் பிரித்துப் படிக்கும் நிருபர் அதை மீண்டும் எழுத வேண்டியிருக்கும். நேரமில்லாதவர் அப்படியே ஒதுக்கிவிடுவார். இது எத்தனை உண்மை என்பதை, இப்போது நாள்தோறும் அறிக்கை அனுப்பும் வேலையில் இருக்கும் நான் உணர்கிறேன்.

கோட்பாடுகளையும் அவர் விட்டுவிடவில்லை. 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் பாலத்திலிருந்து கவிழ்ந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அந்த ரயில் நிறுவனத்தின் மக்கள் தொடர்பைக் கவனித்துவந்த ஐவி லீ என்பவர் விபத்தை மூடி மறைக்காமல் செய்தியாளர்களை நிகழ்விடத்துக்கே அழைத்துச் சென்று, நிறுவனத்தின் சார்பில் தகவல்களை எழுதிக் கொடுத்தார். முதல் பத்திரிகைச் செய்தி என்று அதையே பலரும் குறிப்பிடுகிறார்கள். இதைச் சொல்லிவிட்டு, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தில் பாறை விழுந்து நமது மலை ரயில் நிறுத்தப்படும் நாளில் யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, என்ன சொல்ல வேண்டும் என்று எங்களையே வரிசைப்படுத்தச் சொன்னார். 1982-இல் சிகாகோ பகுதியில் நஞ்சு கலந்த டைலினால் என்ற வலி நிவாரணி மாத்திரைகளால் ஏழு பேர் இறந்தபோது, அதை விற்றுவந்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஏறத்தாழ 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. அதைப் பாடமாக வைத்த அதே நாளில், கொடைக்கானலில் பாதரசக் கழிவுப் புகாரால் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையையும் எடுத்துக்கொண்டார். அங்கே வேலை பார்த்த 591 தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது 2016-இல். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் ஒரு நிறுவனம் பேசியிருக்க வேண்டிய நாட்கள் எவை என்று கேட்டு, வகுப்பை அமைதியாக உட்கார வைத்தார்.

எனக்கு மிகவும் பயன்பட்டது இ-பாஸ் பயிற்சி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. இதை ஒரு கோழிக்கோட்டுக் குடும்பத்துக்கும், மைசூரிலிருந்து பைக்கில் வரும் இளைஞருக்கும், இங்கே சாலையோரம் கேரட் விற்கும் அக்காவுக்கும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் அறுபது சொல்லுக்குள் எழுத வேண்டும். முதல் இரண்டையும் எழுதிவிட்டேன். மூன்றாவதில் நின்றுவிட்டேன், ஏனென்றால் அந்த அக்காவுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அவரிடம் கேட்கத்தான் இருந்தது: வண்டிகள் குறைந்தால் உங்கள் வியாபாரம் என்னவாகும்? அதையே எழுதிக் கொடுத்தேன். அமெரிக்க அறிஞர்களான ஜேம்ஸ் குரூனிக்கும் டாட் ஹன்ட்டும் 1984-இல் வகுத்த நான்கு மக்கள் தொடர்பு முறைகளில் கடைசியானது, இரு தரப்பும் ஒன்றையொன்று கேட்டுத் தம்மை மாற்றிக்கொள்ளும் இருவழித் தொடர்பு. முதல் மாதத்தில் எழுதி வைத்து ஒரு சொல்லும் விளங்காத அந்தப் பாடம் எனக்கு அந்தத் தாளில்தான் விளங்கியது.

செய்தியாளர் சந்திப்பில் நிருபர்களுக்குப் பணம் வைத்த 'கவர்' கொடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார். வகுப்பில் ஒரு தம்பி, "எல்லாரும் கொடுக்கிறாங்களே சார், நாம மட்டும் கொடுக்கலைன்னா செய்தி வருமா?" என்று கேட்டான். "வராமப் போகலாம். ஆனா கவர் கொடுத்து வந்த செய்தி, அடுத்த தடவை கவர் இல்லாம வராதுப்பா," என்றார். இந்தத் தொழிலில் நுழையும் எவரும் முதல் மாதத்திலேயே சந்திக்கப்போகும் சிக்கல் இது. நிறுவனத்தின் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இனி வேலைவாய்ப்பு. துண்டறிக்கையில் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு உதவி' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்த உதவி, பிற நிறுவனங்களுக்காக மக்கள் தொடர்பு வேலை செய்து தரும் சென்னை, பெங்களூரு ஏஜென்சிகளின் மின்னஞ்சல் முகவரிகள் அடங்கிய ஒரே ஒரு தாள். அவற்றிலும் பாதிக்கு மேல் செயல்படவில்லை. நம்பிக்கையை உருவாக்குவதே தொழில் என்று கற்பிக்கும் இடம் தன் மாணவரிடமே இப்படி நடந்துகொண்டது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது. தேர்வுக் கட்டணம் 1,500 ரூபாய் தனி என்பதையும் கடைசி மாதத்தில்தான் சொன்னார்கள். சமூக ஊடகத்துக்கு இரண்டே வகுப்புகள். படம் எடுக்கவும் காணொலி தொகுக்கவும் கற்றுத்தரவே இல்லை. இன்றைக்கு எந்த வேலைக்குப் போனாலும் இவற்றைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

வேலைப் பாதைகளைப் பற்றிய தெளிவும் அந்த ஆசிரியரிடமிருந்தே கிடைத்தது. ஏஜென்சியில் சேர்ந்தால் முதல் ஓராண்டு காலையில் நாளிதழ்களைப் பார்த்து வாடிக்கையாளரைப் பற்றிய செய்திகளைத் தொகுப்பதும், நிருபர்களை அழைத்துப் பேசுவதுமாகத்தான் போகும். அலுப்பான வேலை, ஆனால் எந்தப் பத்திரிகை எதை விரும்பும் என்பதைக் கற்றுத்தருவது அதுதான் என்றார். ஒரு நிறுவனத்தின் உள்ளேயே சேர்ந்தால் ஒரே துறையை ஆழமாக அறியலாம். ஊழியர்களுக்கான இதழ், ஆண்டறிக்கை போன்ற வேலைகளும் சேர்ந்து வரும். வசதியும் காலமும் உள்ளவர்கள் பல்கலைக்கழகங்களின் இதழியல் துறைகளிலோ, 1965-இல் தொடங்கப்பட்டு விளம்பரம், மக்கள் தொடர்பு இரண்டையும் சேர்த்துக் கற்பித்துவரும் டெல்லியின் இந்திய மக்கள் தொடர்புக் கல்வி நிறுவனத்திலோ முழுநேரமாகப் படிப்பதே நல்லது என்று, தம் வகுப்புக்கு எதிராகவே எங்களுக்கு அறிவுரை சொன்னார்.

படித்து முடித்த 12 பேரில் இருவர் பெங்களூரில் ஏஜென்சி வேலையில் இருக்கிறார்கள். ஒருவர் கோவையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்திருக்கிறார். நான் கோத்தகிரியில் ஒரு தொண்டு அமைப்பில் தகவல் தொடர்பு உதவியாளராக இருக்கிறேன். நேர்காணலில் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. திருத்தங்களோடு கோப்பில் வைத்திருந்த அந்த 22 தாள்களைத்தான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். மற்ற எட்டுப் பேரும் முன்பு பார்த்த வேலையிலேயே தொடர்கிறார்கள்.

அந்த ஆசிரியர் இருக்கும்வரை 18,000 ரூபாய் தகும். அவர் இல்லையென்றால் அதில் பாதிக்கும் தகாது என்பதே என் மதிப்பீடு. ஆகவே சேர நினைப்பவர்கள் அலுவலகத்தில் பாடத்திட்டத்தைக் கேட்பதற்கு முன், எழுதிய பயிற்சிகளைத் திருத்துபவர் யார் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு வகுப்பு முடியும். அந்த நேரத்தில் மாடிப்படி அருகே நின்று, இறங்கி வரும் மாணவர்களிடம் கையிலுள்ள தாளைக் காட்டச் சொல்லுங்கள். அதில் சிவப்பு மை இருந்தால் பணத்தைக் கட்டலாம்.