வெள்ளத்துக்குப் பின் இணையவழி ஆங்கிலம்: சூமா, வீடியோவா, குரல் பதிவா?

2020 டிசம்பரில் புரெவி, 2025 நவம்பர் இறுதியில் டித்வா. மாரிப் புயல் வந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகமும் கிளிநொச்சிப் பீடங்களும் நின்றுபோகும். மாணவர் முல்லைத்தீவு, மலையகம் என்று ஊர் ஊராகச் சிதறியிருப்பர். பொறியியல் மாணவருக்கு விரிவுரையே ஆங்கிலத்தில்தான். ஆகவே ஆங்கில வகுப்பைத் தள்ளிப்போட முடியாது. எந்த வழியில் நடத்துவது என்பதே கேள்வி.

எல்லோரும் முதலில் ஓடுவது சூமுக்கு. கமராவை நிறுத்திக் குரலை மட்டும் விட்டால் மணிக்கு 36 எம்பி அளவில் முடியும். வீடியோ போட்டால் 270 எம்பிக்குக் குறையாது. கரண்ட் இல்லாத ஊரில் டேற்றாவை விட சார்ஜ்தான் பெரிய சிக்கல்: 10,000 எம்ஏஎச் பவர்பேங்க், 5,000 எம்ஏஎச் போனை ஒருமுறை நிரப்பி இன்னும் கொஞ்சம் தரும், அவ்வளவே. 60 பேரை ஒரு மணி நேரம் இருத்தினால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடப் பேசக் கிடைக்காது. எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்வதும் சூமில் நடக்காது. குரல்கள் பிந்திப் பிந்தி வந்து ஒன்றையொன்று விழுங்கிவிடும். ஆறு பேர், 25 நிமிடம், கமரா இல்லை: இப்படியென்றால் உடனுக்குடன் கேட்டுப் பதில் சொல்லும் பழக்கத்துக்கு இதற்கு இணை வேறில்லை.

பதிவு வீடியோ இலக்கண விளக்கத்துக்கு மட்டும் போதும். அதையும் படமில்லாமல் 32 கேபிபிஎஸ் (விநாடிக்கு 32 கிலோபிட்) மோனோ ஒலியாக மாற்றினால் ஒரு மணி நேரப் பாடம் சுமார் 14 எம்பிக்குள் வந்துவிடும். ஆனால் மாணவர் வாய் திறக்கமாட்டார்.

அனர்த்தத்துக்குப் பிந்திய முதல் இரண்டு வாரங்களுக்கு வட்ஸ்அப் குரல் பதிவுதான் எங்கள் தெரிவு. சிக்னல் வரும் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடலாம். ஒரு நிமிடப் பதிவு சில நூறு கேபிதான். ஆசிரியர் 40 விநாடிக் கேள்வி போட வேண்டும், மாணவர் 48 மணி நேரத்துக்குள் ஒரு நிமிடம் பேச வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரு குழு. 60 பேரை ஒன்றாகப் போட்டால் யாருடைய பதிவு எங்கே என்று தேடியே நேரம் போய்விடும். குழுவில் பேசக் கூச்சப்படுபவர் ஆசிரியருக்குத் தனியே அனுப்பட்டும்.

உச்சரிப்புத் திருத்தமும் இதில்தான் நன்றாக நடக்கும். 2ஜி தொலைபேசி அழைப்பு 3,400 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை வெட்டிவிடுவதால் ‘ஃப’வும் ‘ஸ’வும் ஒன்றுபோலக் கேட்கும். குரல் பதிவில் அந்த ஒலி தங்கும், திரும்பத் திரும்பக் கேட்கவும் முடியும். எழுதும் கொப்பியும் குடிக்கும் கோப்பியும் ஆங்கிலத்தில் ‘ப’, ‘ஃப’ என்ற ஓர் ஒலியால்தான் வேறுபடுகின்றன; அந்தச் சோடியையே பயிற்சியாகக் கொடுங்கள். ஆங்கில ‘better’ஐ ‘பெட்டர்’ என்று நாவை மடித்துச் சொல்பவருக்கு ‘வெற்றி’யை நினைவூட்டினால் போதும். யாழ்ப்பாணத்து ‘ற்ற’ ஆங்கில ஒலிக்கு மிக அருகில் நிற்கிறது. ஒருவருக்கு ஒரு தடவையில் ஒரு பிழை மட்டும் திருத்துங்கள். ஐந்தைச் சொன்னால் அடுத்த பதிவு வராது.

இதிலுள்ள பெரிய குறை, எழுதிவைத்து வாசிப்பது. தடுமாற்றமே இல்லாமல் ஒரே சுருதியில் போனால் வாசிக்கிறார் என்று பிடித்துவிடலாம். “முற்றத்தில் இப்போது என்ன தெரிகிறது?” என்பதுபோல அன்றைய நாளைப் பற்றிக் கேட்டால் வாசிப்பது குறையும். முழுதாக நிற்காது, அதனால்தான் கரண்ட் சீரானதும் கிழமைக்கு ஒரு சூம் அமர்வு சேர்க்க வேண்டும். வாய்மொழிப் பரீட்சையை மட்டும் அதில் வைக்கவேண்டாம். இணைப்பு அறுந்த மாணவரின் மௌனத்துக்குப் புள்ளி போட எவராலும் முடியாது.