தூணில் கை வைக்கும் முன் முட்டுக் கொடுத்ததைப் பாருங்கள்

கடலூர் முதுநகரில் எங்கள் பூர்வீக வீடு. நாட்டு ஓடு, வாசல் திண்ணையில் நான்கு தேக்குத் தூண்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பாதி ஓட்டை அள்ளிக்கொண்டு போனபோதுகூட அந்த நான்கும் அசையவில்லை. அதைத்தான் போன மாதம் ஒரு காண்ட்ராக்டர் இரண்டே நாளில் ஆட்டிவிட்டுப் போனார்.

இரண்டாவது தூணின் அடி மெத்தென்று ஆகியிருந்தது. அதற்குக் காரணம் நாங்கள்தான். சில வருடங்களுக்கு முன் திண்ணைக்கு டைல்ஸ் போட்டபோது தூணின் ஆதாரக் கல் தரைக்குள் புதைந்துவிட்டது. கல்லில் வழிய வேண்டிய மழைத்தண்ணீர் மரத்தின் அடியில் தேங்க ஆரம்பித்தது.

வந்தவர் நான்கையும் விரலால் தட்டிப் பார்த்து, “எல்லாமே கரையான் சார், உள்ளே வெறும் கூடு” என்றார். நானும் நம்பி ஐம்பதாயிரம் முன்பணம் அனுப்பிவிட்டுச் சென்னைக்குக் கிளம்பிவிட்டேன். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அங்கங்கே குத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அரித்த மரத்தில் முனை மண்ணில் இறங்குவது போல இறங்கும், நல்ல தேக்கில் இறங்காது.

முதல் நாள் ஓரத் தூணை எடுத்தார்கள். அதன் இடத்தில் வெள்ளையாக ஒரு ஃபைபர் தூண் வந்தது, பார்க்கக் கல்யாண மண்டபம் மாதிரி. அது வெறும் உறைதான். கூரைப் பாரம் முழுக்க உள்ளே இருந்த இரண்டு அங்குலக் குழாய் மேல். இந்த உப்புக்காற்றில் அந்தக் குழாய் துருப்பிடித்தாலும் வெளியே தெரியாது. பழைய தூணைக் ‘குப்பை’ என்று குட்டி யானையில் ஏற்றினார்கள். “நல்லாத்தானேப்பா இருக்கு” என்று அம்மா கேட்டதற்கு, “பூச்சிம்மா, வீட்ல வச்சா கதவுக்கும் பரவும்” என்று பதில்.

மறுநாள் இரண்டாவது தூண். எங்கள் உத்திரம் ஒரே மரமில்லை. இரண்டு துண்டுகள் அந்தத் தூணின் தலைக்கட்டையான போதிகை மேல்தான் சேர்கின்றன. முட்டு என்ற பெயரில் இரண்டு சவுக்குக் கட்டையை நிறுத்தியிருந்தார்கள். அதுவும் உத்திரத்துக்கு அடியில் இல்லை, ஓட்டுச் சட்டத்துக்கு அடியில், நேரே டைல்ஸ் மேல். திண்ணைக்குள் இருப்பதோ வெறும் மண். சம்மட்டியால் தூணை அடித்துச் சாய்த்ததும் டைல்ஸ் நொறுங்கிக் கட்டை உள்ளே இறங்கியது. உத்திரம் நான்கு விரல் தொங்கிவிட்டது. ஓடுகள் சரிந்து கொட்டின. அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தாள். ஒரு வேலையாளுக்குத் தோளில் சிராய்ப்பு. ஜாக்கி எடுத்து வருவதாகக் கிளம்பிய காண்ட்ராக்டர் அப்புறம் போனையே எடுக்கவில்லை.

பக்கத்துத் தெரு ஆசாரி வந்துதான் சரி செய்தார். எழுபது வயதிருக்கும். “முதல்ல ஓட்டை இறக்கு தம்பி. பாரம் குறையாம யாரும் கீழ நிக்கக் கூடாது” என்றார். வாடகைக்கு இரும்பு ஜாக்கிகள் எடுத்தோம். உத்திரத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் தனித்தனியாக முட்டு. திண்ணை மேல் வேண்டாம் என்று, டைல்ஸையும் மண்ணையும் நீக்கிக் கெட்டித் தரை வரை போய், கனமான பலகை போட்டு அதன் மேல் நிறுத்தினார். எல்லாமே தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக. உத்திரத்தோடு ஒரு நூல் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஜாக்கியாகக் கால் சுற்றுத் திருகுவது, நூலைப் பார்ப்பது, மறுபடி கால் சுற்று. தொங்கியதை ஒரே மூச்சில் தூக்கினால் சுவர் வெடிக்குமாம். முழுதாக ஒரு பகல் போனது.

எனக்கு வயிறு எரிந்தது அதற்கப்புறம்தான். கீழே கிடந்த தூணை அறுத்துப் பார்த்தால், அழுகியிருந்தது அடியில் ஒரு சாண். மேலே மரம் எண்ணெய் வழிகிற தேக்கு. அந்த ஒரு சாணை வெட்டிவிட்டு, பழைய தேக்குத் துண்டை நாக்கு வைத்து ஒட்டி போல்ட் போட்டார். ஆதாரக் கல்லைத் தரைக்கு மேல் தெரியும்படி உயர்த்தினார். சிமெண்டில் மரத்தைப் புதைக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். தூணையும் உத்திரத்தையும் இரும்புப் பட்டையால் பிணைத்தார், ஏனென்றால் புயல்காற்று கூரையை மேலே தூக்கும். மற்ற இரண்டு தூண்களிலும் குத்திப் பார்த்தோம். ஒன்றுமே இல்லை.

ஃபைபர் தூணையும் இதே மாதிரி முட்டுக் கொடுத்துக் கழற்றிவிட்டு, பழைய மரக்கடையில் ஒரு தூண் வாங்கி வைத்தோம். 22,000 ரூபாய். ‘குப்பை’ என்று ஏற்றிப் போன எங்கள் தூணும் அதே கனம்தான், அதைக் கூலி கொடுத்து அனுப்பி வைத்தேன். கழற்றும் மரம் வீட்டுக்காரருக்கே என்று எங்கேயும் எழுதி வாங்கவில்லை. என் கையில் இருப்பது போனில் பணம் அனுப்பியதற்கான ரசீது மட்டும். அதை வைத்துப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

புதுத் தூணின் போதிகையில் வாழைப்பூ, மற்ற மூன்றிலும் தாமரை. அம்மா இன்னும் அந்த ஓரத்துப் பக்கம் உட்காருவதில்லை.